அப்பீல் மன்றத்தில் எனக்கு வேலை இல்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிறுபட்டணங்களின் நீதிமன்றங்களில் 32 ஆண்டுகள் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்த நான், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் உள்ளே முதன்முதலாகக் கால் வைத்தது ஓய்வு பெற்ற பிறகுதான். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டம் கைமாறியபோது தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்ன விவகாரம் வழக்காகி, உயர்நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கும் புத்ராஜெயா வரை போயிருந்தது. வழக்கில் சேர்ந்திருந்த குடும்பங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு வேனை அமர்த்திக்கொண்டு கிளம்பின. ஓர் இடம் காலியாக இருந்ததாலும், கோர்ட்டில் பேசுவது விளங்கும் ஆள் ஒருவர் உடன் இருப்பது நல்லது என்று அவர்கள் எண்ணியதாலும், என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

மூன்று நீதிபதிகள் வந்து அமர்ந்தார்கள். அவர்கள் முன்னால் தடித்த பதிவேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் ஓரங்களில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒட்டுத்தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பழக்கத்தின் காரணமாக என் கண் சாட்சியைத் தேடியது. சாட்சி என்று அங்கே யாரும் இல்லை. சத்தியப்பிரமாணம் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, ‘கேள்வி புரிகிறதா, ஐயா?’ என்று குனிந்து கேட்க வேண்டிய தேவை இல்லை. எங்கள் தரப்பு வழக்கறிஞர் ஏறத்தாழ இருபது நிமிடங்கள் பேசினார். அதிலும் பாதி, நீதிபதிகள் இடைமறித்துக் கேட்ட கேள்விகளுக்கான பதில். எதிர்த்தரப்பு அதைவிடக் குறைவாகப் பேசியது. நீதிபதிகள் எழுந்து உள்ளே போய்ச் சற்று நேரத்தில் திரும்பி வந்தார்கள்; மேல்முறையீடு ஒருமனதாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது என்று நடுவில் இருந்தவர் அறிவித்தார். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

வெளியே பளிங்குத் தரையில், செருப்புச் சத்தம் கேட்டுவிடுமோ என்று அஞ்சியவரைப்போல மெதுவாக நடந்துவந்த ஒரு மூதாட்டி, பால்மரக் காட்டிலேயே தலை நரைத்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஏன் தம்பி, நம்மள ஒண்ணுமே கேக்கலையே?”

முன்பே கேட்டுவிட்டார்கள், அம்மா, என்றேன். கீழ்க்கோர்ட்டில் நீங்கள் சொன்னதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது, அதைத்தான் இவர்கள் படித்தார்கள் என்று விளக்கினேன். அவருக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை. ஏனென்றால் அந்தப் புத்தகம் எப்படி உருவாகிறது என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வழி நெடுக வேனில் யாரும் அதிகம் பேசவில்லை. ஒரு மேல்முறையீட்டு நீதிபதியின் வாழ்க்கை எப்படிப்பட்டது, அவர் எங்கிருந்து அந்த நாற்காலிக்கு வந்து சேர்கிறார், வந்த பிறகு என்ன செய்கிறார் என்பதை எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். இப்போதுதான் கை வந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவரிலிருந்து தொடங்குகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை; அவர் ஓய்வு பெற்றுவிட்டார், தம்மைப் பற்றி எழுதுவதை விரும்பக்கூடியவரும் அல்லர். எண்பதுகளின் நடுவில், நான் பணிபுரிந்த ஒரு சிறு கோர்ட்டுக்கு மாஜிஸ்திரேட்டாக அவர் வந்தபோது, கறுப்புக் கோட்டு தோளில் இன்னும் சரியாக உட்காராத வயது. கிழக்குக் கரையில் ரப்பர் சிறுதோட்டக்காரர் ஒருவரின் மகன், மலாய்க்காரர். அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. சாட்சி தமிழில் சொல்வதை நான் மலாயில் சொல்ல, நான் சொல்வதை மாஜிஸ்திரேட் தம் கையாலேயே எழுதிக்கொள்வார். அவருடைய பேனா நிற்கும்வரை நான் காத்திருந்து, பிறகே அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டும். கோர்ட்டுகளில் ஒலியும் ஒளியும் பதிவாகும் ஏற்பாடு 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பரவலாக வந்தது. அதுவரை, கோர்ட்டில் நடந்தது என்றால் அந்தக் கையெழுத்தில் இருந்ததுதான்.

கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், திருட்டு வழக்கு ஒன்று வந்தது. தோட்டத்துக் கொட்டகையிலிருந்து ஒரு சாக்குக் கட்டிப்பால் காணாமற்போயிருந்தது. அதை எடுத்ததாக ஒரு தொழிலாளியின் மேல் குற்றச்சாட்டு. அவருக்கு வழக்கறிஞர் இல்லை. தற்காப்புச் சொல்ல ஏறிய அவர், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, “அந்நேரம் நான் என் நிரையில மரம் வெட்டிக்கிட்டு இருந்தேங்க” என்றார். நான் உடனே மலாயில், அந்த நேரத்தில் மரத்தைத் ‘தெபாங்’ செய்துகொண்டிருந்தேன் என்று சொல்கிறார் என்றேன். தெபாங் என்றால் மரத்தை அடியோடு வெட்டிச் சாய்ப்பது. நான் தோட்டத்தில் பிறந்தவன் அல்லன். பட்டணத்தில் கடைவீட்டு மாடியில் வளர்ந்து, தமிழைப் பள்ளிப் புத்தகத்தில் கற்றவன். ‘மரம் வெட்டினான்’ என்றால் எனக்குக் கோடரிதான் கண்ணில் தெரியும். அன்று வழக்கு நடத்திய காவல்துறை அதிகாரி சட்டென்று எழுந்தார். தோட்டத்தில் மரத்தைச் சாய்க்க இவருக்கு யார் அனுமதி கொடுத்தது, முன்பு போலீசாரிடம் பால் எடுக்கப் போனதாகச் சொன்னவர் இப்போது ஏன் வேறு கதை சொல்கிறார் என்று அடுக்கினார். கூண்டில் நின்றவருக்கு எதுவும் விளங்கவில்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பார்த்து, எந்தக் கத்தியால் வெட்டினார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்வதற்கு முன்பே அவருடைய கை சொல்லிவிட்டது. இடது கையை மரம் போல நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வலது மணிக்கட்டை மடக்கி, மேலிருந்து கீழாகச் சாய்வாக, சீவல் ஒன்று சுருண்டு விழுவதைப் போலச் சின்னச் சின்ன இழுப்புகளாக இழுத்துக் காட்டினார். மாஜிஸ்திரேட்டின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. அப்பாவோடு விடியற்காலையில் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு போயிருப்பார் போலும். “தோரே,” என்றார் அவர். தோட்டத்துப் பேச்சில் ‘மரம் வெட்டுவது’ என்றால் ரப்பர் மரத்தில் பால் சீவுவது; அதற்கு மலாயில் அதுதான் சொல். தாம் எழுதியிருந்த தெபாங்கைக் குறுக்காக ஒரு கோடிட்டு அடித்து, மேலே தோரே என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். அன்று மாலை என்னை அறைக்கு அழைத்தார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். தோட்டத்து மக்கள் வேறு எந்தெந்தச் சொற்களை இப்படி வேறு பொருளில் பேசுகிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதித் தர முடியுமா என்றுதான் கேட்டார். அன்றைக்கு வாங்கிய நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்த ஆள் விடுதலையானார் என்பது இங்கே முக்கியம் இல்லை. அன்றைக்கு அந்த ஒரு சொல் திருத்தப்படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என்னை நெடுநாள் துன்புறுத்தியது. தண்டனை கிடைத்து அவர் மேல்முறையீடு செய்திருந்தால், குறிப்புகள் தட்டச்சாகி, தைக்கப்பட்டு, உயர்நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். சாட்சியத்தில் முரண்பாடு இருப்பது அங்கே கறுப்பு மையில் பளிச்சென்று தெரிந்திருக்கும். மணிக்கட்டின் அசைவு தெரிந்திருக்காது. மேல்முறையீட்டில் ஒரு பழைய விதி உண்டு: சாட்சியை நேரில் கண்டவர் விசாரணை நீதிபதி, ஆகவே உண்மை விவரங்களில் அவர் எடுத்த முடிவை, அது தெளிவாகவே தவறு என்று தெரிந்தாலொழிய மேல் மன்றம் எளிதில் அசைக்காது. நியாயமான விதிதான். ஆனால் அவர் கண்டது பாதி என் வாயின் வழியாகக் கண்டது என்பதை அந்த விதி கணக்கில் எடுத்துக்கொள்கிறதா என்று எனக்குத் தெளிந்ததே இல்லை.

வழக்கு ஏறும் படிகளைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தொடங்கும் வழக்கு உயர்நீதிமன்றத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு மேலே போக வேண்டுமானால் சட்டக் கேள்வி ஒன்று இருக்க வேண்டும், அனுமதியும் வாங்க வேண்டும். செஷன்ஸ் கோர்ட்டில் தொடங்குவதற்கு மேல்முறையீட்டு நீதிமன்றமே முடிவிடம். உயர்நீதிமன்றத்தில் தொடங்கும் பெரிய வழக்குகள், போதைப்பொருள் கடத்தலும் கொலையும் போன்றவை, மேல்முறையீட்டு நீதிமன்றத்தைக் கடந்து, நாட்டின் மிக உயர்ந்த மன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போகலாம்.

மேல்முறையீட்டு நீதிமன்றமே வயதில் இளையது. என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. சிவில் வழக்குகளில் கடைசி வார்த்தை லண்டன் பிரிவி கவுன்சிலிடம் இருந்தது. 1985 ஜனவரி 1ஆம் தேதியோடு அந்தக் கதவு மூடப்பட்டு, இங்குள்ள உச்ச மன்றமே கடைசியானது. அதனால் ஒரு படி குறைந்துபோயிற்று. அதை ஈடுகட்டத்தான் 1994 ஜூன் 24ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைந்தது, பழைய உச்ச மன்றம் கூட்டரசு நீதிமன்றம் என்ற பெயரைத் திரும்பப் பெற்றது. லாமின் முகமட் யூனுஸ் அதன் முதல் தலைவர். அங்கே ஒரு வழக்கை மூவர் அமர்ந்து கேட்பார்கள். கூடினாலும் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் கருத்து வேறுபட்டால் பெரும்பான்மைதான் தீர்ப்பு.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் இருக்கும் என் அக்காள் மகன் ஒருமுறை, “மாமா, உங்கள் பேராக் மாநில அப்பீல் கோர்ட்டின் நீதிபதிகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?” என்று கேட்டு எழுதியிருந்தான். சின்ன வயதிலேயே போய்விட்டவன், அவனைக் குறை சொல்ல முடியாது. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி நீதிமன்ற அமைப்பு இருக்கிறது. டெக்சஸில் மாநில அப்பீல் கோர்ட்டின் நீதிபதிகள் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நின்று, ஆறாண்டுப் பதவிக்கு மக்கள் வாக்கால் வருகிறார்கள். கலிஃபோர்னியாவில் ஆளுநர் நியமிக்கிறார். பிறகு அவரை வைத்துக்கொள்ளலாமா என்று மக்களிடம் கேட்கிறார்கள். முழுப் பதவிக்காலம் 12 ஆண்டுகள். நம் நாட்டில் ஷரியா நீதிமன்றங்களும், சபா சரவாக்கில் உள்ள பூர்வகுடி நீதிமன்றங்களும்தாம் மாநிலத்துக்குரியவை. மற்றவை கூட்டரசுக்குரியவை, ஆகவே மாநில அப்பீல் கோர்ட்டு என்று ஒன்று இல்லை. நீதிபதி ஒருவர் தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நின்று கும்பிட்டு வாக்குக் கேட்கும் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தேன்; சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. ஆனால் நம்முடைய முறையில் மக்களுக்குத் தெரியாமல் எல்லாம் உயரத்திலேயே நடந்துவிடுகிறது என்று அவன் எழுதிய பதிலையும் என்னால் முழுவதுமாகத் தள்ள முடியவில்லை.

இங்கே முறை இதுதான். கூட்டரசு அரசியலமைப்பின்படி, குடிமகனாகவும் பத்தாண்டுகள் வழக்கறிஞராகவோ நீதித்துறை மற்றும் சட்டச் சேவையில் அதிகாரியாகவோ இருந்தவராகவும் இருப்பவரை, பிரதமரின் ஆலோசனையின் பேரில், ஆட்சியாளர்கள் மன்றத்தைக் கலந்துகொண்ட பிறகு மாமன்னர் நியமிக்கிறார். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நீதித்துறை நியமன ஆணையம் வந்த பிறகு, பெயர்களை அலசிப் பரிந்துரைக்கும் வேலை ஒன்பது பேர் கொண்ட அந்த ஆணையத்திடம் போனது; அவர்களில் ஐவரைப் பிரதமர் நியமிக்கிறார். வயது 66 ஆனதும் நாற்காலியை விட வேண்டும்; மிஞ்சினால் ஆறு மாதம் நீட்டிப்புக் கிடைக்கும்.

எங்கள் மாஜிஸ்திரேட் சேவையின் வழியாக ஏறியவர். எங்களிடம் மூன்று ஆண்டுகள் இருந்தார். பிறகு வேறொரு மாநிலத்தில் அரசுத் தரப்புத் துணை வழக்கறிஞர், பிறகு ஓர் அலுவலகத்தில் சட்ட ஆலோசகர், அப்புறம் செஷன்ஸ் நீதிபதி. நம் நாட்டுச் சேவை அப்படிப்பட்டது: இன்றைக்கு மேடையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்பவர் நாளைக்குக் கீழே நின்று அரசுக்காக வாதாடுவார், மாற்றல் கடிதம் வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஒரே கையால் குற்றஞ்சாட்டவும் தீர்ப்பளிக்கவும் பழக்குவது சரியா என்று வழக்கறிஞர்கள் பலகாலமாகக் கேட்டுவருகிறார்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆயினும் ஊர் ஊராகச் சுற்றியதில் அவருக்கு வாய்த்த ஒன்று, ஒரே பெரிய நகரத்தில் தொழில் செய்தவர்களுக்கு வாய்ப்பது அரிது: மீன்பிடிக் கிராமத்துப் பேச்சும், குடியேற்றத் திட்டத்துப் பேச்சும், தோட்டத்துப் பேச்சும் அவர் காதில் விழுந்திருந்தன. பிறகு நீதித்துறை ஆணையராக ஆனார். அது உயர்நீதிமன்ற நீதிபதியின் வேலையைச் செய்துகொண்டு, நிரந்தரம் இல்லாமல் காத்திருக்கும் பதவி. நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் ஆசை யாருக்கும் எழக்கூடிய இடம். அதையும் கடந்து உயர்நீதிமன்ற நீதிபதியாகி, சில ஆண்டுகளில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்.

மற்றொரு வழி வழக்கறிஞர் மன்றத்திலிருந்து வருவது. அந்த வழியில் வந்தவர்களில், தமிழர்கள் கோப்பிக் கடையில் கூடப் பெயர் சொல்லிப் பேசியவர் கோபால் ஸ்ரீராம். உயர்நீதிமன்றப் படியில் கால் வைக்காமலேயே, 1994இல், வழக்கறிஞராக இருந்து நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்ட முதல் ஆள் அவர். அதே மன்றத்தில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் இருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போய்க்கொண்டிருக்க, கூட்டரசு நீதிமன்றம் அவருக்குத் திறந்தது 2009இல். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஓய்வு. 2023 ஜனவரியில் காலமானார். ஏறிய படிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் இது தாமதமான வாழ்க்கை என்று தோன்றும். எழுதியதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

1996இல் அவர் எழுதிய டான் தெக் செங் வழக்கின் தீர்ப்பை ஒருநாள் பொழுதுபோகாமல் படித்தேன். பள்ளித் துணைத் தலைமையாசிரியராக இருந்த ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்ட வழக்கு அது. சட்டப்படியன்றி யாருடைய உயிரையும் பறிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு சொல்கிறதே, அந்த ‘உயிர்’ வெறும் மூச்சைக் குறிப்பது அன்று, ஒருவருடைய வாழ்வாதாரமும் அதில் அடங்கும், ஆகவே நியாயமான நடைமுறை இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்று அவர் விரித்து எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பாளன் புத்தி சும்மா இருக்காது அல்லவா. இதைத் தமிழில் எப்படிச் சொல்வேன் என்று யோசித்தேன். பக்கம் பக்கமாக வாதிட்டு அவர் சேர்த்து வைத்த இரண்டும் தமிழில் முன்பே ஒரே சொல்லாக இருக்கின்றன. மருத்துவமனையிலிருந்து மீண்டவனைப் ‘பிழைத்துக்கொண்டான்’ என்கிறோம்; வேலையையும் ‘பிழைப்பு’ என்கிறோம். லயத்து வீட்டில் இருந்தவர்களிடம் இதை விளக்கவே தேவையில்லை. வேலை போன அன்றைக்கு வீடும் போகும், வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அந்த மூதாட்டியின் வழக்கு வேறு காரணங்களால் தோற்றது. ஆனாலும் வேனில் திரும்பும்போது இந்தத் தீர்ப்புதான் என் நினைவில் ஓடியது.

2005இல் வந்த சாகோங் தாசி தீர்ப்பும் அவர் எழுதியதே. விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக டெங்கில் வட்டாரத்துத் தெமுவான் பூர்வகுடி மக்களின் நிலம் எடுக்கப்பட்டபோது, பயிருக்கும் வீட்டுக்கும்தான் பணம் கொடுத்தார்கள். மண் அவர்களுடையது அன்று என்பது அரசின் வாதம். வழக்காறு தந்த உரிமையின்படி மண்ணும் அவர்களுடையதே, அதற்கும் இழப்பீடு தர வேண்டும் என்று உயர்நீதிமன்றம் 2002இல் சொன்னதை மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. மரத்துக்கு விலை போட்டு மண்ணை மறந்துவிடும் கணக்கு, தோட்டத்தில் மூன்று தலைமுறை இருந்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறிய எங்கள் மக்களுக்குப் பழக்கமானது. எங்களுக்கு அந்த மண்ணில் அப்படியொரு வழக்காற்று உரிமை கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

இனி, தோற்றுப்போகும் தீர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூவரில் இருவர் ஒரு பக்கம் நிற்க, மூன்றாமவர் மறுத்து எழுதுவது வழக்கின் முடிவை மாற்றாது. அப்படியிருக்க ஏன் எழுத வேண்டும்? எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஈப்போவின் இந்திராகாந்தி வழக்கைத் தமிழ்ப் பத்திரிகை படிக்கும் யாருக்கும் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தாயான இந்திராகாந்தியின் சம்மதம் இல்லாமல் மூன்று பிள்ளைகளின் மதத்தைத் தந்தை மாற்றியது செல்லாது என்று ஈப்போ உயர்நீதிமன்றத்தில் நீதிபதி லீ சுவீ செங் 2013இல் தீர்ப்பளித்தார். 2015 டிசம்பர் 30ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டுக்கு ஒன்று என்று புரட்டியது. அந்த ஒன்று நீதிபதி ஹமிட் சுல்தான் அபு பக்கார். எங்கள் கடைத்தெருவில் அன்றைக்கு யாரும் அவருடைய பெயரைப் பேசவில்லை. தோற்றோம் என்பது மட்டுமே பேச்சு. 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தபோதுதான், இரண்டாண்டுகளுக்கு முன்பு தனியாக நின்ற தீர்ப்பை எடுத்துப் படித்தவர்கள் கூடினார்கள்.

அதற்காக நீதிபதி ஹமிட் சுல்தான் கொடுத்த விலையும் இருந்தது. அந்த மறுப்புத் தீர்ப்புக்காக மூத்த நீதிபதி ஒருவர் தம்மைக் கடிந்துகொண்டார் என்று அவரே 2018இல் ஒரு சட்ட மாநாட்டில் வெளிப்படையாகக் கூறினார். நீதித்துறையைப் பற்றி அவர் 2019இல் தாக்கல் செய்த சத்தியப்பிரமாண வாக்குமூலம் பெரும் புயலைக் கிளப்பியது. 2021இல் நீதிபதிகளின் ஒழுக்கக் குழு அவரை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது. எது சரி, எது தவறு என்று அந்தக் குழுவுக்கு மேலே அமர்ந்து தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் சொல்வேன். மேல்முறையீட்டு நீதிபதி என்றால் குளிரூட்டிய அறையில் காகிதம் புரட்டும் அமைதியான உத்தியோகம் என்று நினைக்கிறவர்கள் அந்த ஆறு ஆண்டுகளின் செய்திகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். அதே 2021இல், வாசகர் கருத்துகளுக்காக மலேசியாகினி என்ற செய்தித் தளத்தின் மீது வந்த நீதிமன்ற அவமதிப்பு வழக்கில், கூட்டரசு நீதிமன்றத்தின் எழுவரில் தனியாக மறுத்து எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். 2007இல் நீதித்துறை ஆணையராகத் தொடங்கி, 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்து, 2018இல் கூட்டரசு நீதிமன்றம் சேர்ந்தவர் அவர்.

எங்கள் மாஜிஸ்திரேட்டின் பெயர் இப்படிச் செய்திகளில் அடிபடவில்லை. அவர் எழுதிய தீர்ப்புகள் பெரும்பாலும் நில எல்லை, காப்புறுதி, வாடகை, கடத்தல் என்று அன்றாடத்தைச் சேர்ந்தவை. ஓய்வுக்குப் பிறகு எனக்கிருந்த நேரத்தில் அவற்றைத் தேடிப் படித்துவந்தேன். போதைப்பொருள் வழக்கு ஒன்றில், குற்றஞ்சாட்டப்பட்டவர் சொன்னதாகப் பதிவேட்டில் இருந்த ஒரு வாக்கியத்தைக் குறிப்பிட்டு, அவர் தம் மொழியில் பயன்படுத்திய மூலச் சொல் என்ன என்பது பதிவில் இல்லாதபோது அந்த வாக்கியத்தின் மேல் மரண தண்டனையை நிறுத்த முடியாது என்று எழுதியிருந்தார். கட்டாய மரண தண்டனை நடப்பில் இருந்த காலம் அது. 2023 ஜூலையில்தான் அதைக் கட்டாயம் இல்லாததாக ஆக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன். அது எங்கள் தெபாங்கிலிருந்து முளைத்தது என்று உரிமை கொண்டாட எனக்குத் தகுதி இல்லை. முப்பது ஆண்டுகளில் அவர் எத்தனையோ மொழிபெயர்ப்பாளர்களின் தவறுகளைக் கேட்டிருப்பார்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, சட்டம் முடித்து, சேவையில் சேர்ந்திருக்கிறாள். மாஜிஸ்திரேட்டாக முதல் ஊருக்குப் போகப் போகிறாள். தாத்தா காலத்தில் தோட்டத்தை விட்டு வந்த குடும்பம். பிரட்டு என்றால் விடியற்காலை ஆள் எண்ணிக்கை என்பதும், கித்தா என்றால் ரப்பர் என்பதும் அவளுக்கே பாதிதான் தெரிந்திருந்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டியவள் ஓரிடத்தில் நிறுத்தி, “மாமா, இந்த ‘கை நீட்டிட்டான்’ என்பதை எப்படி எழுதுவது? அடித்தான் என்றா, காசு கேட்டான் என்றா, சும்மா கையை நீட்டினான் என்றா?” என்று கேட்டாள்.

சாட்சியை நீட்டிக் காட்டச் சொல், அம்மா, என்றேன். எந்தக் கை, எவ்வளவு உயரம், விரல் மடங்கியிருந்ததா விரிந்திருந்ததா என்று பார். பார்த்ததை அப்படியே குறிப்பில் எழுது. பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தாலும் வாயால் சொல்லிப் பதிய வை. மேலே படிக்கப் போகிற மூவரும் அந்தக் கையைப் பார்க்கப் போவதில்லை.

அவள் தன் பேனாவை எடுத்து, என் நோட்டின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டாள்.